தறி இருக்கும் வீட்டில் வகுப்பறை

இணையவழிக் கல்வியா, வகுப்பறைக் கல்வியா என்ற விவாதம் பெரும்பாலும் பாடத்தைச் சுற்றியே நடக்கிறது. திரையில் வரும் பாடம் கரும்பலகைப் பாடத்துக்கு ஈடாகுமா, காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்க்க முடிவது பெரிய வசதிதானே, கேள்வி கேட்க ஆசிரியர் எதிரில் இல்லையே என்றெல்லாம் பேசுகிறார்கள். அந்தப் பாடம் போய்ச் சேரும் இடம் எப்படிப்பட்டது என்று கேட்பவர் குறைவு. விவாதிப்பவர்களில் பலருடைய வீட்டில் பிள்ளைக்கென்று ஒரு மேசையும், சாத்திக்கொள்ள ஒரு கதவும் இருப்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் வந்தவாசிப் பக்கம் இருக்கும் தேசூரில் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. ஆரணிப் பட்டு நெய்யும் ஊர்களில் ஒன்று அது. நெசவாளி வீட்டில் நல்ல வெளிச்சமும் அகலமும் உள்ள இடம் தறிக்கு, மிச்சமிருப்பது மனிதர்களுக்கு. குழித்தறியில் உட்கார்ந்தவரின் கால் மிதியில், கை நாடாவில், கண் பாவில். அவரைச் சுற்றி வேறு வேலைகள் ஓடிக்கொண்டிருக்கும். தார் சுற்ற வேண்டும், அறுந்த இழையை முடிய வேண்டும், தீர்ந்த பாவோடு புதுப் பாவைப் பிணைக்க வேண்டும். இவற்றுக்குத் தனிக் கூலி எழுதப்படுவதில்லை. சேலைக்கு இவ்வளவு என்று பேசிய தொகைக்குள் குடும்பத்தின் உழைப்பு முழுவதும் அடங்கிவிடுகிறது.

கோர்வைச் சேலையாக இருந்தால் கணக்கு இன்னும் இறுகும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்யும்போது மூன்று நாடா ஓட வேண்டும்; ஒரு பக்கத்துக் கரை நாடாவை வாங்கித் திருப்பி விட நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னோர் ஆள் வேண்டும். பட்டு நெசவின் வரலாற்றில் அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் ஒரு சிறுவனோ சிறுமியோதான். காஞ்சிபுரம் உள்ளிட்ட பட்டு மையங்களில் முன்பணக் கடனுக்காகப் பிள்ளைகள் தறியில் கட்டுண்டு கிடந்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் தனி அறிக்கையாகவே வெளியிட்டது. தொழிலைக் கற்கிறான் என்பதுதான் அப்போதும் பொதுவாகச் சொல்லப்பட்ட சமாதானம். அதில் பாதி உண்மை இருந்ததால்தான் அந்தச் சமாதானம் அவ்வளவு காலம் செல்லுபடியானது.

இந்த இடத்தில் சட்டம் சொல்வதைக் கவனிக்க வேண்டும். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, 14 வயது நிரம்பாத பிள்ளைகளை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று விதித்து, ஒரு விலக்கும் கொடுத்தது: ஆபத்தானவை அல்லாத குடும்பத் தொழில்களில், பள்ளி நேரம் முடிந்த பிறகோ விடுமுறையிலோ பிள்ளை உதவலாம். ஆக, குடும்பத் தொழிலுக்கும் குழந்தைக்கும் நடுவே சட்டம் போட்ட கோடு பள்ளிக்கூட மணிதான். இணையவழிக் கல்வியில் மணி கிடையாது. பாடத்தை எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்பது அதன் ஆதரவாளர்கள் முதலில் சொல்லும் சிறப்பு. தறி ஓடும் வீட்டில் அதுவே முதல் ஆபத்து. பாடம் ராத்திரிக்குக் காத்திருக்கும். முகூர்த்தத்துக்கு முன் போய்ச் சேர வேண்டிய சேலை காத்திருக்காது.

கொரோனாப் பெருந்தொற்று வந்தபோது தமிழ்நாடு வெறுங்கையோடு நிற்கவில்லை. மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி 2011 முதல் கொடுக்கப்பட்டு வந்தது. 2018இல் வந்த புதிய பாடநூல்களின் பக்கங்களில் கியூஆர் குறியீடுகள் இருந்தன. அலைபேசியைக் காட்டினால் அரசு நடத்தும் திக்‌ஷா தளத்தின் காணொளி திறக்கும். கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26 அன்றே ஒளிபரப்பைத் தொடங்கியிருந்தது. இணையம் எட்டாத வீட்டுக்கும் பாடத்தைக் கொண்டுபோகத் தொலைக்காட்சியைத் தேர்ந்தது புத்திசாலித்தனமான முடிவு என்றே சொல்ல வேண்டும். 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்புப்படி இந்தியாவின் கிராமப்புறக் குடும்பங்களில் இணைய வசதி இருந்தவை சுமார் 15 விழுக்காடு. கணினி இருந்தவை 5 விழுக்காட்டுக்கும் கீழே. ஆனால் தமிழ்நாட்டில் 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின் புண்ணியத்தில் ஏழை வீடுகளிலும் ஒரு பெட்டி இருந்தது.

2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஏறத்தாழ இருபது மாதம். அந்தக் காலத்தில் பாடம் வீட்டுக்கு வந்தது. பிள்ளையை வீட்டு வேலையிலிருந்து விலக்கி வைக்கும் நேரம் வரவில்லை. குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்புப் பிரச்சார அமைப்பு தமிழ்நாட்டில் 818 பிள்ளைகளிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், வேலைக்குப் போன பிள்ளைகளின் பங்கு தொற்றுக்கு முன் 28.2 விழுக்காடாக இருந்து 79.6 ஆக ஏறியிருந்தது. நலிந்த குடும்பங்களைத் தேடிச் சென்று எடுத்த கணக்கு அது. மாநிலம் முழுமைக்கும் பொருத்திவிடக் கூடாது. நெசவாளர் குடும்பங்களின் நிலைமைக்கு அது நெருங்கியது என்று கொள்ளலாம். படிப்பின் நிலை, கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றலை அளக்கும் ஏசர் அறிக்கையில் தெரிகிறது: தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018இல் 10.2 விழுக்காடு, 2022இல் 4.8. தொற்றுக்கு முன்பே எண் மோசமாகத்தான் இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வகுப்பறை என்றாலே கற்றல் நடந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு அந்த 10.2 பதில் சொல்கிறது.

இதைவிடக் கூர்மையான சான்று ஒன்று உண்டு. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். 2019இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது, 2021 டிசம்பரில் கணிதத்தில் சுமார் 0.7 திட்ட விலக்கமும் தமிழில் சுமார் 0.34 திட்ட விலக்கமும் குறைவு இருந்தது. கணிதத்தில் இழப்பு மொழியைப்போல் இரு மடங்கு. வீட்டிலும் தெருவிலும் தமிழ் காதில் விழுகிறது; வகுத்தல் கணக்கு விழுவதில்லை. பள்ளி திறந்து ஆறே மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. மீட்சியில் சுமார் 24 விழுக்காட்டுக்கு இல்லம் தேடிக் கல்வித் திட்டம் காரணம் என்று அவர்கள் கணித்தார்கள்.

இல்லம் தேடிக் கல்வி 2021 அக்டோபர் 27 அன்று தேசூருக்கு அண்டை மாவட்டமான விழுப்புரத்தில், மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்டது. மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம். தன்னார்வலர் ஒருவருக்கு இருபது பிள்ளை என்ற அளவு. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. தன்னார்வலர்களில் பெரும்பாலோர் அதே ஊரில் படித்த இளம்பெண்கள். திண்ணை, கோயில் மண்டபம், பள்ளி வராந்தா என்று கிடைத்த இடத்தில் வகுப்பு நடந்தது. பெயரில் இல்லம் இருந்தாலும் அது செய்த காரியம் பிள்ளையை இல்லத்திலிருந்து நூறடி தள்ளி உட்கார வைத்ததுதான். தறிச் சத்தம் கேட்கும் தொலைவு, ஆனால் கூப்பிட்டால் உடனே எழுந்து போகாத தொலைவு.

ஊர்த் திண்ணையில் ஊர்ப்பிள்ளையே பாடம் சொல்வதில் புதுமை ஒன்றும் இல்லை என்று கல்வி வரலாறு படித்தவர்கள் சொல்வார்கள். இன்று நாம் மரபு வகுப்பறை என்று அழைப்பது, வரிசை வரிசையாகப் பெஞ்சு போட்ட அந்த அறை, இந்த வட்டாரத்துக்கு அவ்வளவு பழையதும் அல்ல. அதற்கு முன் இருந்த திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். அந்த முறையைச் சென்னைப் பட்டணத்தில் கண்ட ஆண்ட்ரூ பெல், எழும்பூர் ஆதரவற்றோர் பள்ளியில் செய்து பார்த்து, 1797இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார்.

மறுதரப்பு வாதத்தை அதன் வலுவான வடிவில் எடுத்துக்கொள்வதே நியாயம். தொற்றுக் காலத்தில் நடந்தது அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு. அதை வைத்து இணையவழிக் கல்வியை எடைபோடக் கூடாது என்பார்கள். சரிதான். நன்றாகத் திட்டமிட்டுச் செய்த ஒன்றைப் பார்ப்போம். டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைக் குலுக்கல் முறையில் தேர்ந்த நடுநிலைப்பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்து முரளிதரன், சிங், கனிமியான் நடத்திய ஆய்வு 2019இல் வெளிவந்தது. நான்கரை மாதத்தில் கணிதத்தில் 0.37, இந்தியில் 0.23 திட்ட விலக்கம் முன்னேற்றம். ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை உண்மையில் மூன்றாம் வகுப்புக் கணக்கில் தடுமாறுகிறது என்றால் மென்பொருள் அங்கிருந்தே தொடங்கும். நாற்பது பேரை வைத்துக்கொண்டு பாடத்திட்டத்தை முடிக்க ஓடும் ஆசிரியரால் அது ஆகாது. இணையத்தின் உண்மையான ஆற்றல் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் மைண்ட்ஸ்பார்க் அந்த ஆய்வில் வீட்டில் நடக்கவில்லை. பள்ளி முடிந்தபின் பிள்ளைகள் ஒரு மையத்துக்கு வந்தார்கள். பாதி நேரம் கணினி, பாதி நேரம் சிறு குழுவாக ஓர் உதவியாளரிடம் பாடம். அதற்கு மாறாக, பெரு நாட்டில் முந்நூற்றுச் சொச்சம் பள்ளிகளை வைத்து நடந்த ஆய்வில், பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி கொடுத்த திட்டத்தால் கணிதத்திலோ மொழியிலோ பலன் தென்படவில்லை. போட்ஸ்வானாவில் தொற்றுக் காலத்தில் சுமார் 4,500 குடும்பங்களில் செய்த சோதனை இன்னும் சொல்கிறது. குறுஞ்செய்தியில் கணக்கு அனுப்பியது மட்டும் போதவில்லை. குறுஞ்செய்தியோடு வாரம் ஒருமுறை ஆசிரியர் இருபது நிமிடம் சாதாரணத் தொலைபேசியில் பேசியபோது கற்றல் உயர்ந்தது. இணையம் இல்லை, திரை இல்லை. ஆனால் இன்ன நாளில் இன்னார் கூப்பிடுவார் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. பள்ளிக்கூட மணியின் சிறிய வடிவம் அது.

இவ்வளவும் பிள்ளையைப் பற்றியது. அதே வீட்டில் தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும் முப்பது வயதுக்காரரைப் பற்றிப் பேசும்போது வாதம் தலைகீழாகிறது. எட்டாம் வகுப்போடு நின்றவர் அவர். பள்ளிக்குத் திரும்பிப் போக முடியாது; ஒரு நாள் தறி நின்றால் அந்த நாள் கூலி இல்லை. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற வசதி அவருக்கு ஆபத்து இல்லை, ஒரே வழி. மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிய நாளிலிருந்து தமிழ்நாட்டில் இந்த வழி பலரைப் பட்டதாரி ஆக்கியிருக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியிலும் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் சேரும் நெசவாளர் குடும்பத்துப் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோர் ஆகியோருக்குக் கட்டணத்தில் 75 விழுக்காட்டை மத்திய ஜவுளி அமைச்சகம் திருப்பித் தருகிறது. இந்தச் சலுகை நெசவாளர் தெருக்களில் போதிய அளவு பேசப்படவில்லை என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

பெரியவர்களுக்கும் தடை உண்டு. ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய திறந்த இணையப் பாடங்களை ஆராய்ந்து 2019இல் சயின்ஸ் இதழில் வந்த கட்டுரைப்படி, 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 விழுக்காடு. அதே வேளையில், சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பு, பாடங்களை இணையத்தில் நடத்தினாலும் தேர்வை நேரடி மையத்தில்தான் வைக்கிறது. ஐஐடிகள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடங்களின் சான்றிதழ்த் தேர்வும் அப்படியே. பாடத்தை எங்கும் அனுப்பலாம், படித்ததைச் சரிபார்க்க ஓர் இடமும் ஒரு நாளும் வேண்டும் என்று இந்தத் துறையின் முன்னோடிகளே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

நெசவைக் கற்பதிலும் இதே பிரிவினை தெரிகிறது. கணினியில் புட்டா வரைவது, அதை ஜக்கார்டு அட்டைக்கு மாற்றுவது, நிறச் சேர்க்கை, விலைக் கணக்கு, நேரடியாக விற்கும் வழி ஆகியவற்றைத் திரை நன்றாகவே கற்றுத் தரும். சேலத்தில் 1960 முதல் இயங்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் போய்த் தங்கிப் படிக்க முடியாதவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. பாவின் இறுக்கத்தை விரலால் அறிவதும் கோர்வை பிசிறில்லாமல் விழுவதும் பக்கத்தில் உட்கார்ந்து பழகியே வரும். ஆனால் பக்கத்தில் உட்காருபவருக்கு வயது 18 ஆகியிருக்க வேண்டும், அவருக்குக் கூலியும் இருக்க வேண்டும்.

மாநில அரசு திரைகளை வீட்டுக்கு அனுப்புவதோடு நிற்காமல் பள்ளிக்குள்ளும் கொண்டுவந்திருக்கிறது: உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள், தொடக்கப் பள்ளிகளில் 22,000க்கும் மேற்பட்ட திறன் வகுப்பறைகள். திசை சரி. அந்த அறைகள் நாலரை மணிக்குப் பூட்டப்படுவதுதான் குறை. தேசூர் போன்ற ஊரில் ஆய்வகத்தை மாலை 5 முதல் 7 வரை பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலரோடு திறந்து வைக்கலாம். அதன் பிறகு திறந்தநிலைப் பள்ளியில் படிக்கும் பெரியவர்களுக்கு விடலாம். மின்கட்டணமும் தன்னார்வலர் ஊக்கத்தொகையும்தான் கூடுதல் செலவு.

அதோடு கல்வித் துறையின் கைக்கு எட்டாத ஒன்றும் செய்யப்பட வேண்டும். கூட்டுறவுச் சங்கமோ ஆரணி வியாபாரியோ கோர்வைச் சேலைக்குக் கூலி பேசும்போது கரை நாடா வாங்கும் இரண்டாவது ஆளுக்கு, வளர்ந்தவருக்கு உரிய கூலியைத் தனி வரியாக எழுத வேண்டும். அந்த வரி இல்லாதவரை அந்த இடத்தை நிரப்பக் கூலியில்லாத கை ஒன்றைக் குடும்பம் தேடும். பாடம் அலைபேசியில் இருக்கிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பிள்ளையை அங்கே உட்கார வைப்பதும் எளிதாகவே இருக்கும்.