பத்து பகாட்டும் ஓன் ஜாபார் குடும்பமும்

பத்து பகாட் என்றால் மலாயில் உளியால் செதுக்கிய கல். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள இந்தக் கடலோர மாவட்டத்தில்தான் ஒரு பத்திரிகையாளர் அரசியல் தலைவராக உருவெடுத்தார்.

ஓன் ஜாபார் 1895இல் பிறந்தார். தந்தை ஜாபார் முகமது ஜொகூரின் முதல் மந்திரி பெசார், அதாவது முதலமைச்சர். ஜொகூர் சுல்தான் இப்ராஹிமுடன் மனம் கசந்து சிங்கப்பூருக்குப் போன ஓன், 1930இல் ‘வார்த்தா மலாயா’ நாளிதழின் ஆசிரியரானார். அரபு வடிவ ஜாவி எழுத்தில் வந்த அந்த ஏட்டில் மலாய் மக்களின் வறுமையும் கல்விக் குறையும் தொடர்ந்து பேசப்பட்டன. பின்னாளில் மேடையில் அவர் பேசிய பேச்சுக்கு அடித்தளம் இந்த எழுத்துதான்.

1945இல் பத்து பகாட்டில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே இரத்தக்களரி மூண்டது. சிவப்புச் சால்வை அணிந்த மலாய்த் தலைவர் கியாய் சாலேயின் படை சீனர்களைத் தாக்கத் தயாராக நின்றது. அப்போது அங்கே மாவட்ட அதிகாரியாக இருந்த ஓன் நேரில் போய்ப் பேசித் தடுத்தார். அவர் வாழ்வின் மிகப் பெரிய செயல் இதுவே எனலாம்.

1946 ஜனவரியில் அவர் இங்கேயே ஜொகூர் தீபகற்ப மலாய் இயக்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு மே 11 அன்று ஜொகூர் பாருவில் மலாய்க்காரர்களின் கட்சியான அம்னோ பிறந்தது. முதல் தலைவர் அவரே. எல்லா இனத்தவரையும் கட்சியில் சேர்க்க வேண்டும் என்ற அவரது யோசனை ஏற்கப்படவில்லை. 1951இல் விலகினார்.

மகன் உசேன் ஓன் 1976 முதல் 1981 வரை மலேசியப் பிரதமர். அப்போது அவரது தொகுதி பத்து பகாட் மாவட்டத்தின் ஸ்ரீ காடிங். பேரன் ஹிஷாமுடின் மத்திய அமைச்சரானார். கொள்ளுப்பேரன் ஓன் ஹாபிஸ் 2022இல் ஜொகூர் மந்திரி பெசாராகப் பொறுப்பேற்றார்.