‘வி’ தடம் தேடியவர்கள்
1946 அக்டோபர் 15. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் பிளாக்கெட்டின் ஆய்வகம். வானிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களின் தடங்களை முகிலறையில் படமெடுத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ரோச்செஸ்டரும் கிளிஃபோர்ட் பட்லரும் ஒரு படத்தில் தலைகீழ் ‘வி’ ஒன்றைக் கண்டார்கள். அறைக்குள் இருந்த ஈயத் தகட்டுக்குக் கீழே, வெறும் வாயுவில், ஒரே புள்ளியிலிருந்து இரண்டு தடங்கள் கிளம்பியிருந்தன. மின்னேற்றமில்லாத ஏதோ ஒன்று தடமே பதிக்காமல் அங்கு வந்து சிதைந்திருந்தது. அடுத்த மே மாதம் வேறொரு விசித்திரப் படம் கிடைத்தது. 1947 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் இரண்டும் வெளிவந்தன.

அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மான்செஸ்டரில் ஒன்றுகூடச் சிக்கவில்லை. பத்திரிகையில் அறிவித்துவிட்டு அப்படிக் காத்திருப்பது எவ்வளவு சங்கடம்! 1950-ல் அமெரிக்காவின் கால்டெக் குழு முப்பதுக்கு மேற்பட்ட ‘வி’க்களைக் காட்டியபோதுதான் சந்தேகம் தீர்ந்தது.

புதிர் மட்டும் தீரவில்லை. இத்துகள்கள் மோதலில் தாராளமாகப் பிறந்தன. ஆனால் எதிர்பார்த்ததைவிடப் பத்து லட்சம் கோடி மடங்கு மெதுவாக அழிந்தன. 1953-ல் அமெரிக்காவில் மர்ரே கெல்மானும் ஜப்பானில் கசுஹிகோ நிஷிஜிமாவும் தனித்தனியே ஒரே விடைக்கு வந்தார்கள்: இவற்றுக்கு ‘விந்தை’ என்றொரு பண்பு உண்டு, ஜோடியாகப் பிறக்கும்போது கணக்கு நேராகிவிடுகிறது, தனியே சிதையும்போது இடிக்கிறது. அதனால்தான் தாமதம். பிற்பாடு அந்தப் பண்புக்கு, இவற்றுக்குள் இருக்கும் விந்தைக் குவார்க் என்ற அடிப்படைத் துகள் காரணம் என்றானது.

1982-ல் யோகன் ரஃபெல்ஸ்கியும் பெர்ண்ட் முல்லரும் எழுதிய சிறு கட்டுரை விந்தைத் துகள்களுக்குப் புது வேலை கொடுத்தது. மோதவிடும் அணுக்கருக்களில் இருப்பவை மேல், கீழ் குவார்க்குகள்தாம். ஆகவே மோதலுக்குப் பின் தெரியும் விந்தை முழுவதும் அங்கேயே உண்டானது. சாதாரணத் துகள்களாக இருந்தால், விந்தை கொண்ட கேயான் துகள்கள் இரண்டை உருவாக்கவே சுமார் 1000 மெகா எலக்ட்ரான் வோல்ட் தேவை. சுமார் இரண்டு லட்சம் கோடி டிகிரி வெப்பத்தில் எல்லாம் உருகிக் குவார்க்-குளுவான் பிளாஸ்மா ஆகிவிட்டாலோ, விந்தைக் குவார்க் ஜோடிக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். குவார்க்குகளைப் பிணைக்கும் குளுவான்கள் மோதியே அதை உண்டாக்கிவிடும். ஆகவே பிளாஸ்மா உருவானால், மூன்று விந்தைக் குவார்க்குகள் கொண்ட ஒமேகா துகள்தான் மிக அதிகமாகப் பெருக வேண்டும்.

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் 1986-ல் ஆக்சிஜன், 1987-ல் கந்தகம், 1994-ல் ஈய அணுக்கருக்களை முடுக்கினார்கள். டபிள்யூஏ97 குழு சிலிக்கான் உணரிகளை வைத்துத் தேடியதும் அதே ‘வி’ தடங்களைத்தான். சிறு மோதல்களோடு ஒப்பிட்டால், ஈய மோதலில் ஒமேகா சுமார் 15 மடங்கு கூடியிருந்தது. 2000 பிப்ரவரி 10 அன்று, பருப்பொருளின் புதிய நிலைக்குச் சான்று கிடைத்ததென்று செர்ன் அறிவித்தது.

எதிர்வாதமும் கூடவே எழுந்தது. ஈயத்தில் பெருக்கமா, ஒப்பிடப்பட்ட சிறு மோதலில் பஞ்சமா? சிறிய இடத்தில் விந்தையையும் எதிர்விந்தையையும் கூட்டிக் கழித்துச் சமன்செய்ய வேண்டிய கட்டாயம் அவற்றின் உற்பத்தியையே நெரிக்கும் என்றார்கள். கேள்வி நியாயமானது.

2017-ல் செர்னின் அலைஸ் குழு ‘நேச்சர் பிசிக்ஸ்’ இதழில் வெளியிட்ட முடிவு விவகாரத்தை மேலும் சிக்கலாக்கியது. வெறும் புரோட்டான்கள் மோதும்போதே, வெளிவரும் துகள்கள் அதிகமானால் விந்தையின் விகிதமும் சீராக ஏறுகிறது. உச்சத்தில் ஈய மோதலின் அளவை நெருங்குகிறது. பிளாஸ்மா உண்டு என்பதை இன்று வேறு பல அளவீடுகள் தாங்கி நிற்கின்றன. ஆனால் தனியொரு சாட்சியாக நிற்கும் தகுதியை விந்தைத் துகள் இழந்துவிட்டது. புரோட்டான் மோதலில் அது பெருகுவதற்கு எல்லோரும் ஏற்கும் விளக்கம் இன்னும் வரவில்லை.