தாய்மையும் விஷக்காய்ச்சலும்

தில்லியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பெண் கருவுற்றால், சீமந்தம் எந்த நாளில், தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு அனுப்புவது எந்த மாதத்தில் என்று கணக்குப் பார்க்கிறோம். அத்துடன் இன்புளுயென்ஸா எனப்படும் விஷக்காய்ச்சலின் பருவத்தையும் கணக்கிட வேண்டும் என்பதை வரலாறு மும்முறை உணர்த்தியிருக்கிறது.

முதல் முறை 1918-ஆம் ஆண்டு. ஜூன் மாதத்தில் பம்பாயில் தோன்றிய அந்நோய், செப்டம்பரில் கொடிய உருவெடுத்து நாடெங்கும் பரவியது. ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1911-க்கும் 1921-க்கும் இடையே இந்திய மக்கள்தொகையே குறைந்துவிட்டது. இருபது முதல் நாற்பது வயதுக்குட்பட்டோரையே, அவர்களுள்ளும் பெண்களையே, அது பெரிதும் வாரிச் சென்றது. அமெரிக்காவில் இந்நோய் கண்ட 1,350 கர்ப்பிணிகளைப் பற்றிய விவரங்களைத் தொகுத்த ஹாரிஸ் என்னும் மருத்துவர், நூற்றுக்கு 27 பேர் இறந்ததாக 1919-இல் எழுதினார். நோயை உண்டாக்கும் வைரஸ் இன்னதென்று அறியவும் மனிதகுலம் 1933 வரை காத்திருக்க நேர்ந்தது.

இரண்டாம் முறை 1957. அவ்வாண்டு மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகம் வந்த 'ரஜுலா' கப்பலில் நோயாளிகளும் இருந்தனர். சில மாதங்களில் இந்தியாவில் 44 இலட்சம் பேருக்கு மேல் நோயுற்றதாகப் பதிவாயிற்று. மூன்றாம் முறை 2009. அமெரிக்க மக்களுள் நூற்றுக்கு ஒருவரே கர்ப்பிணிகள். அவ்வாண்டின் புதிய காய்ச்சலால் அங்கு இறந்தவர்களுள்ளோ நூற்றுக்கு ஐவர் கர்ப்பிணிகள்.

காரணம் எளிது. கரு வளர வளர நுரையீரல் விரிய இடம் குறைகிறது. இதயத்தின் உழைப்பு மிகுகிறது. உடலின் எதிர்ப்பாற்றலும் மாறுகிறது. ஆகவே காய்ச்சல் விரைவில் நிமோனியாவாக முற்றிவிடக்கூடும்.

இதற்கு மாற்று தடுப்பூசி. டாக்காவில் கர்ப்பிணிகளுக்கு இவ்வூசி போட்டு ஆராய்ந்தபோது, பிறந்த குழந்தைகளிடையே இன்புளுயென்ஸா நூற்றுக்கு 63 பங்கு குறைந்ததாக 2008-இல் வெளியாயிற்று. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு இவ்வூசி போட இயலாது; தாயின் குருதி வழியே செல்லும் எதிர்ப்பாற்றலே அதற்குக் காப்பு. 2012-இல் உலகச் சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளுக்கே முதலிடம் தருமாறு பரிந்துரைத்தது.

வெளிமாநிலத்தில் வாழும் நாம் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். தில்லியில் இந்நோய் ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைக்காலத்தில் ஓங்கும், குளிர்காலத்திலும் தலைகாட்டும். சென்னையிலும் வேலூரிலுமோ அது வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, அக்டோபர், நவம்பரில் ஓங்கும். தில்லி மழை ஓய்ந்ததென்று ஊருக்குப் புறப்படும் பெண், அங்கே அடுத்த பருவத்தை எதிர்கொள்கிறாள்.

ஆதலின், பயணச்சீட்டு வாங்குமுன் மருத்துவரைக் கண்டு, செயலிழந்த வைரஸால் ஆன ஊசியைப் போட்டுக்கொள்ளுதல் நலம். கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் அதைப் போடலாம். மூக்கில் தெளிக்கும் உயிருள்ள மருந்து மட்டும் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. காய்ச்சலோடு மூச்சுத் திணறல் கண்டால் கஷாயத்தோடு நின்றுவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 1918-இல் நம் முன்னோர்க்குக் கிட்டாத காப்பு இன்று நமக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது.