ஹோம் தியேட்டரில் வசனம் கேட்கலையா? வால்யூமைக் கூட்டும் முன் ப்ரீஆம்பில் இதைப் பாருங்க!

படத்தில் இருவர் மெதுவாகப் பேசுகிறார்கள், ஒன்றும் புரியவில்லை. ரிமோட்டை எடுத்து சவுண்டைக் கூட்டினால், அடுத்த காட்சியில் கார் வெடித்து பக்கத்து வீட்டுக்காரரே எழுந்து வந்துவிடுகிறார். ஹோம் தியேட்டர் இருக்கும் பல வீடுகளில் இதுதான் கதை. ஆனா இதற்குத் தொட வேண்டியது வால்யூமை அல்ல.

ப்ரீஆம்ப் என்ன செய்கிறது?

டிவி, ப்ளூரே பிளேயர், செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் சிக்னலை வாங்கி, சேனல் சேனலாகப் பிரித்து, அளவைச் சரிசெய்து பவர் ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புவது ப்ரீஆம்ப். ஸ்பீக்கரை ஓட்டும் பவர் இதில் கிடையாது. இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால் அது ஏவி ரிசீவர். மெனு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வால்யூம் ஏன் மைனஸில் காட்டுகிறது?

டிஸ்ப்ளேயில் ‘-35’ என்று பார்த்ததும் பலர் குழம்புவாங்க. இங்கே 0 என்றால் சத்தமே இல்லாத நிலை கிடையாது, நேர் எதிர். மைக் வைத்து அறைக்கேற்ப அளவிட்ட கருவியில் 0 என்பது சினிமா அரங்கின் ஒலி அளவு. முன் ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் உச்சத்தில் 105 டெசிபலைத் தொடலாம். வீட்டில் -30 பக்கத்தில் வைத்துக் கேட்பது சாதாரணம். 10 டெசிபல் கூட்டினால் காதுக்குச் சுமார் 2 மடங்குதான் தெரியும், ஆனா ஆம்ப்ளிஃபையர் 10 மடங்கு பவர் தரணும்.

அப்போ வசனத்துக்கு என்ன வழி?

5.1 ஒலியில் வசனத்தின் பெரும்பகுதி சென்டர் ஸ்பீக்கரில்தான் வருகிறது. முதலில் டிவியின் ஆடியோ அவுட்புட்டைப் பாருங்க. ‘பிசிஎம்’ என்று இருந்தால் பல டிவிகளில் 2 சேனல் மட்டுமே வெளியே போகும், அதை ‘பிட்ஸ்ட்ரீம்’ அல்லது ‘பாஸ்த்ரூ’ ஆக்குங்க. பிறகு ப்ரீஆம்பின் ‘ஸ்பீக்கர் லெவல்’ மெனுவில் சென்டரை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் ஏற்றிப் பாருங்க. ரொம்ப ஏற்றினால் குரல் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

ராத்திரி படம் பார்ப்பவர்கள் ‘நைட் மோட்’ அல்லது ‘டைனமிக் ரேஞ்ச்’ வசதியை ஆன் செய்யலாம். மெல்லிய சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் உள்ள இடைவெளியை அது குறைத்துவிடும். வெடிச் சத்தத்தின் மிரட்டல் கொஞ்சம் போகும், வீட்டில் தூங்குபவர்கள் தூங்குவாங்க.

உதட்டசைவுக்கு முன்பே குரல் வந்தால் ‘லிப் சிங்க்’ எண்ணைக் கூட்டுங்க. குரல் பின்தங்கி வந்தால் இது உதவாது, ஒலியைத் தாமதப்படுத்த மட்டுமே இதனால் முடியும்.

பவர் ஆம்ப் தனியாக வைத்திருப்பவர்கள் ப்ரீஆம்பை முதலில் ஆன் செய்து, பவர் ஆம்பைக் கடைசியில் போடணும். அணைக்கும்போது பவர் ஆம்ப் முதலில். மாற்றிச் செய்தால் ஸ்பீக்கரில் ‘டொப்’ என்று ஒரு அடி விழும்.