இரண்டாவது திர்ஹம்: புழங்கிய பொருளுக்கு விலை சொன்ன வரலாறு

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்…

வீடு மாறும்போதும், வெளிநாட்டு வேலை முடிந்து குடும்பத்தோடு ஊர் திரும்பும்போதும், வீட்டில் ஒருவர் வஃபாத்தான பின்னரும் நம் இல்லங்களில் ஒரு கேள்வி எழுகிறது. இத்தனை காலம் புழங்கிய பொருள்களை என்ன விலைக்குக் கொடுப்பது? கட்டில், பீரோ, தையல் இயந்திரம், பித்தளை அண்டா, குழந்தையின் தொட்டில் என எல்லாவற்றுக்கும் ஒரு விலை சொல்லியாக வேண்டும். புதுப் பொருளுக்குக் கடையில் விலைச்சீட்டு உண்டு. புழங்கிய பொருளுக்கு அது இல்லை. விற்பவர் தாம் கொடுத்த விலையையும் அப்பொருளோடு வாழ்ந்த நாள்களையும் எண்ணிக் கூட்டிச் சொல்கிறார். வாங்க வருபவர் விற்பவரின் அவசரத்தைக் கண்டு குறைத்துக் கேட்கிறார். பெரும்பாலும் அவசரத்தில் இருப்பவரே தோற்றுப் போகிறார்.

சிறிய விஷயமாகத் தோன்றும் இக்கேள்விக்கு இஸ்லாமிய வரலாற்றில் நீண்டதொரு மறுமொழி உண்டு. மதீனாவில், ஒரு பழைய விரிப்பிலும் ஒரு கிண்ணத்திலும் அது தொடங்குகிறது.

விரிப்பும் கிண்ணமும்

அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சி இது. அபூதாவூத், இப்னு மாஜா ஆகிய நூல்களில் விரிவாக இடம்பெற்றுள்ளது. அன்ஸாரிகளில் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்தார். வீட்டில் ஏதும் உண்டா என நபியவர்கள் வினவினார்கள். ஒரு தடித்த விரிப்பு உண்டென்றும், அதன் ஒரு பகுதியைப் போர்த்தி மறுபகுதியை விரித்துக்கொள்வதாகவும், தண்ணீர் அருந்த ஒரு கிண்ணம் உண்டென்றும் அவர் சொன்னார். இரண்டையும் கொண்டுவரச் செய்து, நபியவர்கள் தம் கைகளில் ஏந்தி, வாங்குபவர் யாரெனக் கேட்டார்கள்.

ஒருவர் இரண்டுக்குமாக ஒரு திர்ஹம் தருவதாகச் சொன்னார். நபியவர்கள் அத்தோடு முடித்துக்கொள்ளவில்லை. அதைவிடக் கூடுதலாகத் தருபவர் யாரென இரண்டு அல்லது மூன்று முறை கேட்டார்கள். வேறொருவர் இரண்டு திர்ஹம் தர முன்வந்தார். பொருள்கள் அவருக்குக் கொடுக்கப்பட்டன. ஒரு திர்ஹத்திற்கு உணவு வாங்கிக் குடும்பத்திடம் சேர்க்குமாறும், மற்றொன்றுக்கு ஒரு கோடரி வாங்கி வருமாறும் நபியவர்கள் அந்த அன்ஸாரியைப் பணித்தார்கள். கோடரிக்குத் தம் கையாலேயே காம்பு பொருத்தி, விறகு வெட்டி விற்குமாறும் பதினைந்து நாள்கள் தம் பார்வையில் படவேண்டாமென்றும் கூறி அனுப்பினார்கள். அவர் பத்து திர்ஹம் ஈட்டித் திரும்பினார். அதில் உடையும் உணவும் வாங்கினார்.

இந்த ஹதீஸை நாம் பெரும்பாலும் உழைப்பின் சிறப்புக்காகவே பயான்களில் கேட்கிறோம். அதன் நடுவே நிகழ்ந்த விற்பனையைக் கவனிப்பதில்லை. முதலில் கேட்கப்பட்ட ஒரு திர்ஹத்திற்கே பொருள்கள் போயிருந்தால் அன்றைய உணவு கிடைத்திருக்கும், கோடரி கிடைத்திருக்காது. அடுத்த வேளைக்கு அவர் மீண்டும் கையேந்தியிருப்பார். இரண்டாவது திர்ஹம்தான் கோடரியாயிற்று. முதல் கேள்வி விலைக்கும் நியாய விலைக்கும் இடையிலிருந்த வித்தியாசம் அந்த ஏழையின் வாழ்வாதாரமாக இருந்தது.

வகுப்பில் இப்பாடத்தை நடத்தியபோது மாணவர் ஒருவர், அந்த இரண்டு திர்ஹத்தையும் யாரேனும் தர்மமாகவே கொடுத்திருக்கலாமே எனக் கேட்டார். கொடுத்திருக்கலாம்தான். ஆனால் அவர் தம் பொருளுக்குரிய விலையைப் பெற்றுக்கொண்டு போனார். பெற்றவரின் கை தாழவில்லை. கொடுத்தவருக்கும் விரிப்பும் கிண்ணமும் கிடைத்தன.

கூடுதல் கேட்பதன் ஒழுங்கு

இமாம் திர்மிதீ (ரஹ்) அவர்கள் இந்த விற்பனையைச் சுருக்கமாகப் பதிவு செய்து 'ஹஸன்' எனத் தரப்படுத்தினார்கள். அறிவிப்பாளர் தொடரில் உள்ள ஒருவரைக் குறித்துப் பிற்கால ஆய்வாளர் சிலர் குறை கூறியிருப்பினும், ஏலமுறை கூடும் என்பதற்கு ஃபிக்ஹ் அறிஞர்கள் இதை எடுத்தாண்டே வந்துள்ளனர். 'பைஉ மன் யஸீத்', அதாவது 'கூடுதலாகத் தருபவர் யார் எனக் கேட்டு விற்றல்' என்ற பெயரே இதற்கு நிலைத்தது. போரில் கிடைத்த பொருள்களையும் இறந்தவர் விட்டுச்சென்ற பொருள்களையும் இவ்வாறு விற்பதில் தவறில்லை என அறிஞர்களில் ஒரு சாரார் கருதியதாகத் திர்மிதீ குறிப்பிடுகிறார்கள். ஏலத்திற்கென இமாம் புகாரி (ரஹ்) அவர்களும் தம் நூலில் தனியொரு பாடம் அமைத்தார்கள்.

ஒருவர் பேரத்தின்மீது மற்றவர் பேரம் பேசுவதை நபியவர்கள் தடுத்துள்ளார்களே எனச் சிலர் ஐயுறலாம். விற்பவரும் வாங்குபவரும் ஒரு விலைக்கு இணங்கிவிட்ட பின் இடையே புகுவதே அத்தடை என அறிஞர்கள் விளக்கினர். விற்பவர் இன்னும் விலை கேட்டுக்கொண்டிருக்கும் வரை கூடுதல் சொல்வது தடையன்று. வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடுவதற்காக மட்டும் குரல் கொடுப்பது 'நஜ்ஷ்' எனப்படும். அது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் தடுக்கப்பட்டுள்ளது. விற்பவரின் உறவினர் கூட்டத்தில் நின்று பொய்யாக விலை ஏற்றுவதும் இதில் அடங்கும்.

விற்பவரின் கடமை இத்தோடு முடியவில்லை. கடைத்தெருவில் தானியக் குவியலுள் கைவிட்டு அடியிலிருந்த ஈரத்தைக் கண்ட நபியவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா எனக் கடிந்த செய்தி முஸ்லிமில் உள்ளது. புழங்கிய பொருளுக்கு இது இன்னும் பொருந்தும். கட்டிலின் கால் ஆடுகிறது, மிக்ஸியின் மோட்டார் சூடேறுகிறது என்பவை வீட்டாருக்கு மட்டுமே தெரிந்த ஈரம்.

விலை மதிப்பீட்டாளர்கள்

நியாய விலை எதுவெனத் தீர்மானிப்பது யார்? மதீனாவில் விலைகள் உயர்ந்தபோது விலை நிர்ணயம் செய்யுமாறு மக்கள் வேண்டினர். எவருடைய உயிரிலோ பொருளிலோ அநீதி இழைத்த குற்றச்சாட்டின்றி அல்லாஹ்வைச் சந்திக்க விரும்புவதாகக் கூறி நபியவர்கள் அதைத் தவிர்த்தார்கள். ஆகவே, ஒத்த பொருள் அதே ஊரில் அதே நிலையில் என்ன விலைக்குப் போகுமோ அதுவே அளவுகோல் என ஃபிக்ஹ் அறிஞர்கள் கொண்டனர். அதனை 'ஸமனுல் மிஸ்ல்' என்றனர். அதைச் சொல்ல, பொருளறிந்த மதிப்பீட்டாளர்கள் இருந்தனர்.

மதிப்பீட்டாளர் சொல்லும் விலைகளுக்குள் அடங்காத அளவு ஏற்றமோ இறக்கமோ இருந்தால் அது 'கப்ன் ஃபாஹிஷ்', மிகையான ஏமாற்றம். உதுமானிய அரசு 1869 முதல் 1876 வரை வெளியிட்ட 'மஜல்லா' சட்டத் தொகுப்பின் 165ஆம் பிரிவு இதற்கு எண்ணிக்கையே சொன்னது: சரக்குகளில் இருபதில் ஒரு பங்கு, கால்நடைகளில் பத்தில் ஒரு பங்கு, வீடு நிலங்களில் ஐந்தில் ஒரு பங்கு. 2,000 ரூபாய் பெறும் பொருளில் 100 ரூபாய் தவறினாலே அது மிகை எனப்பட்டது. மாலிக்கி அறிஞர்களிடம் மூன்றில் ஒரு பங்கு என்ற அளவு புகழ்பெற்றது.

ஆனால் இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பொய்யோ மறைப்போ இன்றி வெறும் விலைக்குறைவு மட்டும் நேர்ந்தால், ஷாஃபிஈ மத்ஹபில் விற்பனையை முறிக்க உரிமையில்லை. ஹனஃபி மத்ஹபிலும் இதுவே மேலோங்கிய கருத்து. அநாதைகளின் சொத்தும் வக்ஃபுச் சொத்தும் விதிவிலக்கு. தமிழகத்திலும் இலங்கையிலும் நம்மவர் பெரும்பாலும் இவ்விரு மத்ஹபுகளைச் சார்ந்தவர்களே. ஆக, அரை விலைக்கு ஒருவரின் பொருளை வாங்கியவரை எந்தக் காழியும் தடுக்கமாட்டார். அவரைத் தடுக்க அவருடைய தக்வா மட்டுமே உண்டு.

ஜெருசலேமின் பட்டியல்கள்

அநாதைகளின் பொருளை மிக அழகிய முறையிலன்றி நெருங்கலாகாது என்பது இறைக்கட்டளை (6:152). அது நடைமுறையில் எவ்வாறு பேணப்பட்டது என்பதற்குச் சான்று பைத்துல் முகத்தஸில் கிடைத்தது. 1974 முதல் 1976 வரையிலான ஆண்டுகளில் அங்குள்ள இஸ்லாமிய அருங்காட்சியகத்தில் சுமார் 900 ஆவணங்கள் கண்டெடுக்கப்பட்டன. பெரும்பாலானவை மம்லூக் ஆட்சிக் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் எழுதப்பட்டவை. அவற்றுள் பெரும்பகுதி, சாதாரண மக்களின் உடைமைப் பட்டியல்கள்.

நீதிமன்றத்தின் அனுமதியுடன் சாட்சிகள் வீட்டுக்கே சென்று, இறந்தவரின் அல்லது மரணப்படுக்கையில் இருப்பவரின் உடைமைகளை எழுதினர். பெண்கள் பலருடைய பட்டியல்களும், வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்களின் பட்டியல்களும் அங்குள்ளன. உடை, படுக்கை, செம்புப் பாத்திரம் என எளிய பொருள்களும் விடப்படவில்லை. பொருள்களை விற்றுக் கணக்கெழுதிய ஏடுகளும் உள்ளன. பழைய சட்டை ஒன்றாயினும் வாரிசுகளுக்குரியது என்பதால், கண்டவர் கண்ட விலைக்கு எடுத்துச் செல்ல அன்றைய காழிகள் இடம் தரவில்லை.

இன்று நம் வீடுகளில் ஒருவர் வஃபாத்தானதும் என்ன நடக்கிறது? கைக்கடிகாரம் ஒருவரிடம், கைப்பேசி ஒருவரிடம், சட்டைகள் வேறொருவரிடம் எனப் போய்விடுகின்றன. அவருக்குப் பருவமடையாத பிள்ளைகள் இருந்தால் அவற்றில் அப்பிள்ளைகளுக்கும் பங்குண்டு என்பதை யாரும் நினைப்பதில்லை.

வாங்குபவரின் பக்கம்

நிர்ப்பந்தத்தில் இருப்பவரிடம் வாங்குவதைத் தடுக்கும் ஒரு செய்தி அபூதாவூதில் உண்டு. அதன் தொடர் பலவீனமானதே. எனினும் அதை விளக்கும்போது இமாம் கத்தாபீ (ஹிஜ்ரி 388இல் மறைந்தவர்கள்) அருமையான கருத்தொன்றைச் சொன்னார்கள். கடனாலோ தேவையாலோ ஒருவர் குறைந்த விலைக்கு விற்க நேர்ந்தால் விற்பனை செல்லும். ஆயினும் மார்க்கப் பற்றும் பண்பும் உடையவர் அவ்வாறு வாங்காமல், கடன் கொடுத்தோ தவணை கொடுத்தோ அவருக்கு உதவவேண்டும் என்பதே அக்கருத்தின் சாரம்.

ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்களின் செய்தி அதனினும் உயர்ந்தது. தப்ரானீயில் உள்ள அறிவிப்பின்படி, அவர்களுக்காகப் பணியாளர் 300 திர்ஹத்திற்கு ஒரு குதிரையைப் பேசி முடித்தார். குதிரையைக் கண்ட ஜரீர், இது அதைவிட மதிப்புடையது என உரியவரிடம் தாமே கூறி, நூறு நூறாக உயர்த்தி 800 கொடுத்தார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நன்மை நாடுவதாக நபியவர்களிடம் தாம் செய்த பைஅத்தே அதற்குக் காரணம் என்றார்கள்.

இதை எழுதும் எனக்கும் ஒரு கணக்கு உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் தெருவில் அவசரமாக வீட்டைக் காலி செய்த ஒரு குடும்பத்திடமிருந்து ஒரு இரும்பு பீரோவை வாங்கினேன். நான் சொன்ன முதல் விலைக்கே அவ்வீட்டுப் பெரியவர் தலையசைத்தார். வண்டி வாசலில் காத்து நின்றது. வேறு எவரையும் கேட்க அவருக்கு நேரமில்லை. மலிவாக முடிந்ததென மகிழ்ந்து வந்தேன். இந்த ஹதீஸை மாணவர்களுக்கு விளக்கத் தொடங்கிய பிறகே, அன்று நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது அவருடைய இரண்டாவது திர்ஹம் என்பது புரிந்தது. அக்குடும்பம் இப்போது எந்த ஊரில் இருக்கிறதென எனக்குத் தெரியாது. பீரோ இன்றும் என் வீட்டில்தான் இருக்கிறது.

ஆகவே, விற்பவர்களே, குறையைச் சொல்லுங்கள். ஒத்த பொருளின் இன்றைய விலையை விசாரியுங்கள். நினைவுகளை விலையில் ஏற்றாதீர்கள். நாலு பேருக்குத் தெரியும்படி விற்றால் நியாயம் தானே வெளிப்படும். வாங்குபவர்களே, வாசலில் வண்டி நிற்கும் வீட்டில் பேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். நம் மஹல்லாவில் ஒரு விதவையோ வேலையிழந்த ஒரு குடும்பமோ பொருள்களை விற்க நேர்ந்தால், ஜமாஅத்தைச் சேர்ந்த ஒருவர் அருகில் நின்று, இதற்குக் கூடுதலாகத் தருபவர் உண்டா என அவர்களுக்காக ஒருமுறை கேட்கட்டும். நபியவர்கள் அதைத் தாமே செய்து காட்டினார்கள்.

கொடுக்கல் வாங்கலில் நேர்மையையும், அதில் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.