செம்புழுவின் தலையோடு

நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் மணிமுத்தாற்றுத் தண்ணீர் நிறைந்து, கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்டும் நாட்களில், அடிச்சேற்றில் ஒரு சிவப்புப் புழு வளர்கிறது. நீளம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். வண்ணமீன் கடைகளில் தீனியாக விற்கிறார்களே, அந்த வகைதான். நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபின் இதன் உடம்பிலும் ஓடுவதால் காற்று எட்டாத சேற்றிலும் பிழைத்துக்கொள்ளும். இறகு முளைத்தபின் பார்க்கக் கொசு போலவே இருக்கும், ஆனால் கடிக்காது. அந்தியில் குளக்கரைத் தெருவிளக்கை மொய்த்துவிட்டு, சில நாளில் செத்துவிடும்.

பூநாரைக்கு இரையாகாமல் தப்பும் புழு நான்கு பருவங்களைக் கடக்கிறது. பருவம் மாறும்போதெல்லாம் பழைய தோலோடு தலையோட்டையும் கழற்றிப் போடுகிறது. கடுகைவிடச் சின்ன ஓடு. நண்டின் ஓட்டில் இருக்கும் கைட்டின்தான் இதிலும் இருக்கிறது. வாயருகே பல்வரிசை போல ஒரு தகடு. அந்தப் பற்களின் எண்ணிக்கையும் வடிவமும் இனத்துக்கு இனம் வேறு. உடம்பு மக்கிப்போகும். யாரும் கலைக்காத ஏரியடியில் தலையோடு மட்டும் பத்தாயிரம் ஆண்டுக்கு மேலும் கிடக்கும்.

குளிர்நாட்டு ஏரிகளில் அதன் பயணம் கண்ணாடித் தகட்டில் முடிகிறது. ஏரியடியில் குழாயை இறக்கி, படிந்த சேற்றை அடுக்கு கலையாமல் தூக்குகிறார்கள். மேலே இருப்பது நேற்றையது, ஆழத்தில் இருப்பது பழையது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சேற்றை இளக்கி, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கண்ணுள்ள சல்லடையில் அலசி, நுண்ணோக்கிக்கு அடியில் ஊசிமுனைச் சாமணத்தால் தலையோடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறார்கள். ஒரு அடுக்குக்கு ஐம்பதாவது வேண்டும். குளிர்ந்த நீரை விரும்பும் இனம் எத்தனை, வெதுவெதுப்பை விரும்பும் இனம் எத்தனை என்ற விகிதத்தை, இன்றைய ஏரிகளின் புழுக்களோடும் வெப்பத்தோடும் ஒத்துப் பார்த்தால் அன்றைய கோடையின் சூடு கிடைக்கும். பிழை ஏறக்குறைய ஒரு டிகிரி. 1991-ல் இயன் வாக்கரும் உடன் உழைத்த இருவரும் கிழக்குக் கனடாவின் ஏரிச்சேற்றில் இப்படித்தான், சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் பூமியின் வடபாதி திடீரென்று குளிர்ந்த காலத்தைப் படித்தார்கள். வெப்பநாட்டிலும் இது முடியும் என்று 2010-ல் கிழக்கு ஆப்பிரிக்க ஏரிகள் காட்டின. அங்கே சமவெளியிலிருந்து பனிமலை வரை ஏரிகள் படிப்படியாக இருப்பது பெரிய வசதி.

கூந்தன்குளத்துத் தலையோட்டுக்கு வேறு வழி. கோடையில் தண்ணீர் வற்றித் தரை பாளம் பாளமாக வெடிக்கும். இந்த ஆண்டுத் தூசி வெடிப்புக்குள் இறங்கிப் பழைய அடுக்கோடு கலக்கும். அப்புறம் மண்வெட்டி வரும். பறவை எச்சம் ஊறிய கரம்பையை வயலுக்கு அள்ளிப் போடுவது ஊராரின் வழக்கம். தமிழ்நாடு முழுக்கவே குளத்து வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள 2017-ல் அரசு அனுமதித்தது. இதை இழப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தூர் வாராத குளம் மேடாகிவிடும். பிறகு தண்ணீரும் இல்லை, புழுவும் இல்லை.

ஆனால் ஆப்பிரிக்காவின் அந்த மலைப்படி நம்மிடமும் இருக்கிறது என்பதை நினைக்கும்போது ஆசை அடங்கவில்லை. 1,868 மீட்டர் உயர அகத்தியர் மலைப் பக்கத்திலிருந்து புன்னைக்காயல் கடல்வரை, மணிமுத்தாறு வந்து சேரும் தாமிரபரணி ஓடும் தூரம் 130 கிலோமீட்டருக்குள்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். மலை ஓடைத் தேக்கம், அணை, கால்வாய்க் குளம் என்று இறங்கிக்கொண்டே சேறெடுத்தால், எந்தப் பல்வரிசை எந்தச் சூட்டுக்கு உரியது என்று ஒரே ஆற்றில் வரிசை எழுதிவிடலாம். 1958-ல் முடிந்த மணிமுத்தாறு அணையின் அடியில் அறுபது ஆண்டுக்கு மேலான வண்டல் இருக்கிறது. பழங்காலத்துக்கு நீலகிரிக்குத்தான் போக வேண்டும். அங்குள்ள கரிச்சேற்றில் 20,000 ஆண்டுக் காலநிலையை, பூச்சியை வைத்து அல்ல, கார்பன் ஐசோடோப்பை வைத்து, ஆர். சுகுமார் குழு 1993-ல் படித்துச் சொன்னது.

கூந்தன்குளத்து ஓடு அதற்குள் வயலுக்குப் போயிருக்கும். கைட்டினில் நைட்ரஜன் உண்டு. மண்ணின் நுண்ணுயிர்கள் அந்தப் பல்வரிசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, பிசான நெல்லின் வேருக்குக் கொடுக்கின்றன.