காயம் இறப்புக்கு முன்பா, பின்பா? மருத்துவர்கள் கண்டறிவது எப்படி

மய்யித்தைக் குளிப்பாட்டும்போது முதுகிலும் தொடையின் பின்புறத்திலும் நீலம் பாரித்த திட்டுகளைக் கண்டு, "யாரோ அடித்திருக்கிறார்கள்" என்று வீட்டார் பதறுவதுண்டு. பெரும்பாலும் அது அடியல்ல. இதயம் நின்றபின் இரத்தம் உடலின் தாழ்ந்த பகுதியில் தேங்குகிறது. அரை மணி முதல் 2 மணி நேரத்தில் தெரியத் தொடங்கி, சுமார் 8 முதல் 12 மணி நேரத்தில் நிலைத்துவிடும். தரையில் அழுந்திய தோள்பட்டையும் பிட்டமும் மட்டும் வெளுத்திருக்கும்.

ஐயம் வந்தால் மருத்துவர் அந்த இடத்தைக் கீறிப் பார்ப்பார். தேங்கிய இரத்தம் நாளங்களுக்குள் இருப்பதால், தண்ணீர் விட்டால் கழுவிக்கொண்டு போகும். உயிரோடு இருக்கையில் அடிபட்டிருந்தால் இரத்தம் சதைக்குள் கசிந்து ஊறியிருக்கும்; கழுவினாலும் போகாது. வெட்டுக்காயமானால் தோல் சுருங்கி வாய் பிளந்து நிற்கும், ஓரம் வீங்கியிருக்கும். காயம்பட்ட பிறகு சில மணி நேரம் உயிர் இருந்திருந்தால், அங்கே வெள்ளணுக்கள் திரண்டிருப்பது நுண்ணோக்கியில் தெரியும். இறந்த உடலை எறும்பு அரித்த இடம் பழுப்பாகக் காய்ந்திருக்குமே தவிர, அதில் இரத்தக் கசிவு இராது. மரணத்தை ஒட்டிய சில நிமிடங்களில் பட்ட காயம்தான் கடினம். அனுபவமுள்ள மருத்துவரும் அங்கே தயங்குவார்.

சென்னை - அரக்கோணம் ரயில் பாதையில் இருக்கும் திருவாலங்காட்டில் இதை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தண்டவாளத்தில் கிடக்கும் உடல் ரயிலில் அடிபட்டதா, கொன்று போடப்பட்டதா என்பதே முதல் கேள்வி. தருமபுரி இளவரசன் 2013 ஜூலை 4 அன்று தண்டவாளம் அருகே இறந்து கிடந்தார். சர்ச்சை எழவே, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி எய்ம்ஸ் மருத்துவர்கள் மறுபரிசோதனை செய்தார்கள். நீதிபதி சிங்காரவேலு ஆணையம் தற்கொலை என்றது. கோகுல்ராஜ் 2015 ஜூனில் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் தலை துண்டிக்கப்பட்டுக் கிடந்தார். முதலில் தற்கொலை போலத் தோன்றியது. 2022-இல் மதுரை நீதிமன்றம் கொலை என்று தீர்ப்பளித்தது.

அறிக்கையில் 'ஆண்டிமார்ட்டம்' என்றிருந்தால் காயம் இறப்புக்கு முந்தியது என்று மட்டுமே பொருள். ரயில் மோதிய காயமும் அப்படித்தான். யார் செய்தது என்பதை மற்ற சாட்சியங்களே சொல்லும்.

சந்தேக மரணமானால் காவல்துறை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 194-ஆம் பிரிவின்படி (முன்பு 174) விசாரிக்கும். அடக்கத்தை விரைவுபடுத்த நாம் விரும்புவது இயல்பே. ஆனாலும் ஐயம் இருந்தால் குளிப்பாட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். உடைகளைக் களையாமல் ஒப்படையுங்கள். படிந்த இரத்தமும் மண்ணும் கழுவப்பட்டபின் திரும்பக் கிடைப்பதில்லை.